குழந்தைகளுக்குத் தாளம் சொல்லிக்கொடுக்கறது எப்படி: கும்மி, கோலாட்டம், பறை வழியா ஒரு முழுமையான வழிகாட்டி

பிள்ளைக்குத் தாளம் நிக்கலன்னு தெரிஞ்சா பெத்தவங்க முதல்ல செய்யறது கீபோர்டு கிளாஸ்லயோ மிருதங்க கிளாஸ்லயோ கொண்டுபோய் சேர்த்துவிடறதுதான். அங்க உட்கார வச்சு ஒன்னு ரெண்டு மூணு நாலுன்னு எண்ணிக்கிட்டே தட்டச் சொல்வாங்க, பிள்ளையும் எண்ணும், தட்டவும் செய்யும், ஆனா எண்ணறது ஒரு பக்கம் போகும் தட்டறது ஒரு பக்கம் போகும். அஞ்சு ஆறு வயசுல தாளம் எண்ணிக்கையா மண்டையில ஏறாது, உடம்பு அசைவாதான் ஏறும். முளைப்பாரிக்குக் கும்மி கொட்டுற வட்டத்துல பாத்தா தெரியும், அம்மா முந்தானையைப் பிடிச்சுக்கிட்டே ஒரு நாலு வயசுப் பொண்ணு காலை மாத்தி மாத்தி வச்சு கூடவே சுத்தும், அதுக்கு யாரும் பாடம் எடுத்திருக்க மாட்டாங்க.

இந்த வழியில சொல்லிக்கொடுக்க நினைக்கிற அம்மா அப்பா, அங்கன்வாடி டீச்சர், ஆரம்பப் பள்ளி டீச்சர் எல்லாருக்கும்தான் இதை எழுதறேன். உங்களுக்கு சங்கீதம் தெரிஞ்சிருக்கணும்னு அவசியமே இல்ல. ஆனா வரிசை முக்கியம், அதை மாத்தாதீங்க: முதல்ல கால், அப்புறம் கை, அப்புறம் வாய், அப்புறம் கோல், கடைசியிலதான் தோல் கருவி. நிறைய பேர் நேரா கடைசிக்குப் போயி ஒரு டிரம்மை வாங்கிக் கையில கொடுத்துடறாங்க, பிள்ளை ரெண்டு நாள் சத்தம் போட்டுட்டு மூலையில போட்டுடும்.

வீடியோ போட்டுக் காட்டினா போதாதா?

போதாது. 2005-ல கனடாவுல மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்துல ஒரு சோதனை பண்ணாங்க. ஏழு மாசக் குழந்தைங்களுக்கு எந்த அடியும் அழுத்தமா கேக்காத ஒரே மாதிரி தாளத்தைப் போட்டு, சில குழந்தைங்களை ரெண்டு அடிக்கு ஒரு தடவை தூக்கித் தூக்கி ஆட்டினாங்க, சிலதை மூணு அடிக்கு ஒரு தடவை. அப்புறமா ரெண்டு விதமா அழுத்தம் வச்ச தாளத்தைக் கேக்க வச்சப்போ, எந்தக் குழந்தையை எப்படி ஆட்டினாங்களோ அந்த மாதிரி தாளத்தைத்தான் அது அதிக நேரம் கேட்டுச்சு. கண்ணைக் கட்டிட்டு ஆட்டினாலும் அதே முடிவுதான், ஆனா வேற ஒருத்தர் ஆடறதை சும்மா பாக்க வச்சப்போ அந்தப் பலன் வரல. அதாவது உடம்பு எப்படி அசைஞ்சதோ காது அப்படித்தான் கேக்குது. மடியில உட்கார வச்சு சாய்ஞ்சாடம்மா பாடி முன்னும் பின்னும் ஆட்டின பாட்டிமார்கள் தாளப் பாடம்தான் எடுத்திருக்காங்க.

இன்னொன்னு, 2009-ல ஜெர்மனியில லைப்சிக்ல இருக்கற மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்துல இருந்து வந்த ஆய்வு. ரெண்டரை வயசுல இருந்து நாலரை வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்க, மெஷின் அடிக்கறதோடயோ ஸ்பீக்கர்ல வர்ற சத்தத்தோடயோ சேர்ந்து தட்டறதை விட எதிர்ல ஒரு ஆள் உட்கார்ந்து கூட அடிக்கும்போது நல்லா ஒட்டித் தட்டுச்சுங்க. அதனால சீரா டிக் டிக்னு அடிக்கற மெட்ரோனோம் ஆப், புளூடூத் ஸ்பீக்கர் எல்லாம் ஆரம்பத்துல வேண்டாம். உங்க குரல் கரகரன்னு இருந்தாலும் பரவாயில்ல, நீங்களே பாடுங்க, நீங்களே கூட நடங்க.

இடம், நேரம், ஆளு

மண் தரையோ சிமெண்ட் முற்றமோ மொட்டை மாடியோ எதுவானாலும் சரி, செருப்பில்லாம இருக்கணும், பாதம் தரையில படற சத்தம் பிள்ளைக்கே கேக்கணும். வெயில் ஏறின சிமெண்ட்ல மட்டும் விட்டுடாதீங்க, காலைல இல்லாட்டி அஞ்சு மணிக்கு மேல வச்சுக்கோங்க. ஒரு தடவைக்கு இருபது நிமிஷம் போதும், வாரத்துல மூணு நாள். ஒரே பிள்ளைன்னா நீங்களும் கூட ஆடணும், ஆறேழு பிள்ளைங்க இருந்தா வட்டமா நிக்க வைங்க. வரிசை வேண்டாம், வரிசையில நின்னா பின்னாடி இருக்கற பிள்ளைக்கு முன்னாடி இருக்கறவன் முதுகுதான் தெரியும், வட்டத்துல எல்லாருக்கும் எல்லார் காலும் தெரியும்.

ஸ்டெப் 1: கால்

முதல் நாள் எந்தத் தாளமும் சொல்லாதீங்க. பிள்ளையை அது பாட்டுக்கு நடக்கச் சொல்லுங்க, அது கால் வைக்கற வேகத்தைப் பாத்து அந்த வேகத்துக்கு நீங்க பாடுங்க. சின்னப் பிள்ளைங்களோட இயல்பான வேகம் நம்மளை விட அதிகம், நம்ம வேகத்துக்கு அதை இழுத்தா தடுமாறும், அப்புறம் "இவனுக்குத் தாளமே இல்ல"ன்னு நாமளே முடிவு பண்ணிடுவோம். தாளம் அதுகிட்ட இருக்கு, நாமதான் முதல்ல அதோட வேகத்துல போய் சேரணும். ரெண்டு மூணு நாள் இப்படிப் போனதுக்கப்புறம் மெதுவா வேகத்தை நீங்க எடுத்துக்கலாம், கொஞ்சம் இறக்கிப் பாருங்க, கொஞ்சம் ஏத்திப் பாருங்க, கூட வருதான்னு கவனிங்க.

அடுத்தது அழுத்தம். நாலு அடி நடக்கணும், முதல் அடியை மட்டும் தொம்முனு வைக்கணும். தொம் நட நட நட, தொம் நட நட நட. இது ஈஸியா வந்துடும், ஏன்னா நாலுல எப்பவும் ஒரே கால்லதான் அழுத்தம் விழும், வலது கால்ல ஆரம்பிச்சா கடைசி வரைக்கும் வலதுதான். இப்போ மூணுக்கு மாத்துங்க, தொம் நட நட, தொம் நட நட. அழுத்தம் ஒரு தடவை வலது கால்ல விழும், அடுத்த தடவை இடது கால்ல விழும். இந்த இடத்துல பிள்ளைங்க முகத்தைப் பாக்கணும், உடம்பு ஒரு பக்கமா சாயும், உடனே அந்தப் பக்கமா சாயும், ஏதோ புதுசா நடக்குதுன்னு அதுங்களுக்கே புரிஞ்சு சிரிக்க ஆரம்பிச்சுடும். நாலுக்கும் மூணுக்கும் உள்ள வித்தியாசத்தை போர்டுல எழுதி விளக்கினா ஒரு மாசம் ஆகும், இதுல ஒரு சாயங்காலத்துல உடம்பு பிடிச்சுக்கும். பேரெல்லாம் இப்போ வேண்டாம், நாலு சதுஸ்ரம், மூணு திஸ்ரம்னு பின்னாடி சொல்லிக்கலாம்.

கால் ஓரளவு நிக்கற வரைக்கும் கைக்குப் போகாதீங்க. சில பிள்ளைக்கு ஒரு வாரம், சில பிள்ளைக்கு ஒரு மாசம், அவசரமே இல்ல.

ஸ்டெப் 2: கை, அதாவது கும்மி

கும்மியோட அழகு என்னன்னா கருவியே வேண்டாம், கைதான் கருவி. அந்தக் கையிலயே மூணு விதமா சத்தம் எடுக்கலாம், உள்ளங்கை விரிச்சு தட்டினா சட்டுனு கேக்கும், கை குவிச்சு தட்டினா டொப்புனு கேக்கும், விரல் நுனி மட்டும் தட்டினா லேசா கேக்கும். முதல்ல உட்கார்ந்துக்கிட்டே இந்த மூணையும் பழக்குங்க, கண்ணை மூடிக்கிட்டு எது எந்தத் தட்டுன்னு கண்டுபிடிக்கச் சொல்லுங்க, விளையாட்டாவே போகும்.

அப்புறம் எந்திரிச்சு வட்டம். ரொம்ப எளிமையான ஒரு வடிவம் சொல்றேன், பெரியவங்க அடிக்கற கும்மி இதை விட ரொம்ப செழிப்பா இருக்கும், ஆரம்பத்துக்கு இது போதும். வலது காலை முன்னாடி வச்சு, குனிஞ்சு வட்டத்துக்கு உள்பக்கம் கீழ ஒரு தட்டு. இடது காலை வச்சு, நிமிந்து வெளிப்பக்கம் மேல ஒரு தட்டு. அவ்வளவுதான். ஒவ்வொரு தட்டுக்கும் உள்ள த-கி-டன்னு மூணு சின்ன எண்ணிக்கை ஓடணும்:

சுத்திச் சுத்தி வந்து கொட்டு
மல்லிப் பூவைத் தொட்டுக் கட்டு

சுத்தி, சுத்தி, வந்து, கொட்டு, ஒவ்வொரு சொல்லும் ஒரு தட்டு. முதல் எழுத்து கொஞ்சம் நீண்டு அடுத்தது குறுகி நிக்குது பாருங்க, ரெண்டு பங்கு ஒரு பங்குன்னு அதுவே மூணு ஆயிடும். நாம தாளம் போட வேண்டிய வேலையே இல்ல, சொல்லே தாளத்தை எடுத்துக் கொடுத்துடும். ரெண்டு வரி பழகினதும் பிள்ளைங்களையே அடுத்த வரி கட்டச் சொல்லுங்க. பக்கத்து வீட்டு நாய், மத்தியான சாப்பாட்டு முட்டை, டீச்சர் புடவைன்னு என்ன வேணாலும் வரட்டும். வரி தட்டுல உட்காரலன்னா பிள்ளைக்கே தெரியும், அதுவே மாத்தும், அந்த மாத்தறதுதான் பெரிய பயிற்சி.

இங்க ஒரு விஷயத்தை கிட்ட இருந்து கவனிங்க. எப்பவும் கொஞ்சம் லேட்டா தட்டுற பிள்ளை ஒன்னாவது இருக்கும், அதுக்குக் காது மந்தம்னு நினைச்சுடாதீங்க. அது கையைப் பாருங்க, அடி கேட்டதுக்கப்புறம்தான் கையைத் தூக்க ஆரம்பிக்கும், தூக்கி இறக்கறதுக்குள்ள அடி தாண்டிப் போயிருக்கும். இந்தப் பிள்ளைக்குத் தட்டறதை சொல்லிக்கொடுக்க வேண்டாம், தூக்கறதை சொல்லிக்கொடுங்க. "மேல, தட்டு, மேல, தட்டு"ன்னு சொல்லிக்கிட்டே பின்னாடி நின்னு அது ரெண்டு மணிக்கட்டையும் லேசா பிடிச்சு சேர்ந்து தூக்குங்க. கை மேல போற நேரமும் தாளத்துக்குள்ள சேர்ந்ததுதான்னு உடம்புக்குத் தெரிஞ்சுட்டா லேட்டு தானா சரியாயிடும். இதுக்கு நேர் எதிரா வேகமா ஓடற பிள்ளைங்க இருக்கும், அதுங்ககிட்ட மெதுவா மெதுவான்னு கத்தினா கேக்காது, அசைவைப் பெருசாக்குங்க, கையை நல்லா அகல விரிச்சு வந்து தட்டு, காலை எட்டி வைன்னு சொல்லுங்க. தூரம் கூடினா வேகம் தானா குறையும்.

கொங்கு பக்கம் இருக்கறவங்களுக்கு இன்னொரு வசதி உண்டு, வள்ளி கும்மி இப்போ ஊர் ஊரா சொல்லிக்கொடுக்கறாங்க. மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டி பத்ரப்பன் ஐயா, ஆம்பளைங்க மட்டும் ஆடிக்கிட்டிருந்த வள்ளி ஒயில் கும்மிக்குள்ள பெண்களையும் கொண்டுவந்து பழக்கினவர், 2024-ல அவருக்கு பத்மஸ்ரீ கிடைச்சது. பாட்டு, அடவு (அதாவது கால் வைக்கற முறை), கைதட்டு எல்லாம் ஒன்னா வர்றதால உங்க ஊர்ல வள்ளி கும்மி ஆசிரியர் இருந்தா தயங்காம அனுப்புங்க.

ஸ்டெப் 3: வாய்

தகிட, தகதிமின்னு ஜதி சொல்றது நம்மகிட்ட இருக்கற பெரிய சொத்து, ஆனா எடுத்தவுடனே அதைச் சொன்னா பிள்ளைக்கு அது வெறும் சத்தம். தெரிஞ்ச சொல்லுல ஆரம்பிங்க, அப்புறம் ஜதியை அது மேல வைங்க.

மூணுக்கு "குதிரை". அதுதான் தகிட.
நாலுக்கு "கடகட", "சலசல", "படபட". அதுதான் தகதிமி.
அஞ்சுக்கு "மழை வருது". அதுதான் தகதகிட.
ஏழுக்கு "குதிரை தடதட". அதுதான் தகிடதகதிமி.

மழை வருது மழை வருதுன்னு சொல்லிக்கிட்டே ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு அடி வச்சு, முதல் எழுத்துல மட்டும் தொம்முனு மிதிச்சு நடக்கச் சொல்லுங்க, அஞ்சுங்கறது பெரியவங்களே தடுமாறற கணக்கு, ஏழு வயசுப் பிள்ளை அலட்டிக்காம நடந்துடும். சொல்லு நிக்கறதுனால கணக்கும் நிக்குது.

இது பழகினதும் ஒரு சின்ன முத்தாய்ப்பு, அதாவது மூணு தடவை சொல்லி முடிக்கற ஒரு முடிப்பு, சொல்லிக்கொடுங்க, பிள்ளைங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். "தகதிமி தா, தகதிமி தா, தகதிமி தா". தகவுக்கு ஒரு கால், திமிக்கு ஒரு கால், தாவுக்கு ஒரு கால், மூணு தடவை. வலது கால்ல ஆரம்பிச்சு நடந்து பாருங்க: தக வலது, திமி இடது, தா வலது, தக இடது, திமி வலது, தா இடது, தக வலது, திமி இடது, கடைசி தா திரும்ப வலது. எட்டு அடி முடிஞ்சு அடுத்த எட்டோட முதல் அடியில கரெக்டா வந்து விழும். அந்தக் கடைசி தாவுல எல்லாப் பிள்ளையும் ஒன்னா மிதிச்சு அப்படியே சிலையா நிக்கணும். சரியா விழுந்துச்சுன்னா தரையே சொல்லும், ஒரே ஒரு சத்தம்தான் கேக்கும்.

ஸ்டெப் 4: கோல்

கோலாட்டத்துல புதுசா ஒன்னு உள்ள வருது, அடுத்த ஆள். இதுவரைக்கும் தன் கை தன் காலுன்னு இருந்த பிள்ளை இப்போ எதிர்ல இருக்கறவன் கோல் எப்போ வரும்னு பாத்து தன் கோலைக் கொண்டுபோகணும். கோல் பிள்ளையோட முழங்கையில இருந்து விரல் நுனி வரைக்கும் நீளம் இருந்தா போதும், முனை உருண்டையா வழவழன்னு தேய்ச்சிருக்கணும், சிம்பு இருக்கான்னு நீங்க ஒரு தடவை கையால தடவிப் பாத்துடுங்க. அஞ்சு வயசுக்குக் கீழன்னா நியூஸ்பேப்பரை இறுக்கமா சுருட்டி டேப் ஒட்டிக் கொடுங்க.

நாலு கணக்குல ஆரம்பிங்க: தன் கோல் ரெண்டும் சேர்த்து ஒரு அடி, எதிராளியோட வலது கோல்ல ஒரு அடி, திரும்ப தன் கோல், அப்புறம் எதிராளியோட இடது கோல். கோலை மூக்குக்கு மேல தூக்கக்கூடாது, நெஞ்சு உயரத்துலதான் தட்டணும், இந்த ஒரு ரூலை மட்டும் கண்டிப்பா வைங்க. ஜோடி நின்னதும் ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு இடம் நகந்து ஜோடி மாறுங்க. தாளம் நின்ன பிள்ளையும் தடுமாறற பிள்ளையும் மாறி மாறி ஜோடி சேரும்போது தடுமாறற பிள்ளை தானா ஒட்டிக்கும், நாம திருத்தவே வேண்டாம். மேல இருந்து கயிறு தொங்கவிட்டு ஆடற பின்னல் கோலாட்டம் பத்து வயசுக்கு மேல வச்சுக்கலாம், ஒரு ஆள் ஒரு அடி பிசகினா பின்னல்லயே காட்டிக்கொடுத்துடும், அவிழ்க்கறதுக்கு அதே அடவைத் திருப்பி ஆடணும். மட்டக்களப்பு பக்கம் வசந்தன் கூத்துலயும் கோல் அடிச்சு ஆடறாங்க, அங்க இருக்கறவங்க அதை வச்சே பழக்கலாம்.

நடுவுல ஒயிலாட்டத்தையும் கொஞ்சம் சேத்துக்கோங்க. கையில ஒரு கர்ச்சீஃப், கால்ல சலங்கை இருந்தா சலங்கை. மெதுவா ஆரம்பிச்சு படிப்படியா வேகம் ஏத்தறது ஒயில்ல உண்டு, வேகம் மாறினாலும் சேர்ந்து மாறணும்ங்கறதுக்கு இதை விட நல்ல பயிற்சி இல்ல. சலங்கை கட்டினா ஒவ்வொரு தப்பு அடியும் கேக்கும், அதனால கால் நல்லா நின்னதுக்கப்புறம் கட்டுங்க.

ஸ்டெப் 5: தோல் கருவி, முக்கியமா பறை

முதல்ல கருவி இல்லாம தொடையிலயே. பறையில ரெண்டு குச்சி, கனமா குட்டையா இருக்கற அடிக்குச்சி, மெலிசா நீளமா இருக்கற சிண்டுக்குச்சி. வலது உள்ளங்கையை அடிக்குச்சியா நினைச்சு தொடையில கனமா ஒரு தட்டு, இடது விரல்களை சிண்டுக்குச்சியா நினைச்சு லேசா ரெண்டு தட்டு. கனம் லேசு லேசு, கனம் லேசு லேசு. குதிரை குதிரைன்னு வாயில சொல்லிக்கிட்டே. அப்புறம் எந்திரிச்சு நடந்துக்கிட்டே. பறை உட்கார்ந்து அடிக்கற கருவி இல்ல, தோள்ல மாட்டிக்கிட்டு அடவு போட்டு ஆடிக்கிட்டே அடிக்கறது, அதனாலதான் கால்ல இருந்து ஆரம்பிக்கணும்னு முதல்லயே அவ்வளவு சொன்னேன்.

இதுக்கப்புறம் நீங்க சொல்லிக்கொடுக்க வேண்டாம், ஒரு பறைக் கலைஞரைக் கூப்பிடுங்க. சப்பரத்து அடி, சாமிச் சாட்டு அடி, மருள் அடின்னு ஒவ்வொரு அடிக்கும் ஒரு பேரும் ஒரு இடமும் இருக்கு, அதை அந்தக் கையில இருந்து பாத்துக் கத்துக்கணும். கூப்பிட்டா பேசின பணத்தைக் கொடுங்க, ஆசான்னு கூப்பிடப் பிள்ளைங்களைப் பழக்குங்க, சாப்பாடு எல்லாரோடயும் சேர்ந்து போடுங்க. பறையை அடிச்ச மக்களை சாதி சொல்லி ஒதுக்கின ஊர்தான் நம்ம ஊர், அதைப் பிள்ளைங்ககிட்ட மறைக்க வேண்டாம், பத்து வயசுப் பிள்ளைக்கு நேரா சொன்னா நல்லா புரியும். திண்டுக்கல் சக்தி கலைக்குழு தலித் பெண்களுக்குப் பறை பழக்கி மேடை ஏத்துது, அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-ல பத்மஸ்ரீ கிடைச்சது, இதையெல்லாம் சேர்த்து சொல்லுங்க. வெறும் தாளத்தை மட்டும் எடுத்துக்கிட்டு ஆளை விட்டுடறது எனக்குக் கொஞ்சமும் ஒப்பாது.

தோல் பறையை வாசிக்கறதுக்கு முன்னாடி தீயில காட்டி காய வைப்பாங்க, அந்த வேலை ஆசானோடது, பிள்ளைங்க தள்ளி நின்னு பாக்கட்டும், காய்ச்சதுக்கு முன்னாடியும் பின்னாடியும் சத்தம் எப்படி மாறுதுன்னு கேக்கச் சொல்லுங்க. மழைக்காலத்துக்கு ஃபைபர் பறை வசதி, காய்ச்ச வேண்டியதில்ல. எதுவானாலும் திறந்த வெளியில வாசிங்க, மூடின ரூம்ல அந்தச் சத்தம் சின்னக் காதுக்குத் தாங்காது.

சில பேர் கேக்கற கேள்விங்க

கூச்சப்பட்டு வட்டத்துக்குள்ளயே வராத பிள்ளையை இழுக்காதீங்க. வட்டத்துக்கு வெளிய உட்கார்ந்து தரையில தட்டிக்கிட்டிருக்கட்டும், பெரும்பாலும் கால் விரல் ஆடிக்கிட்டிருக்கும், கவனிச்சுப் பாருங்க. காது சரியா கேக்காத பிள்ளைன்னா மரப்பலகை மேல வெறுங்கால்ல நிக்க வச்சு பக்கத்துல மிதிங்க, பறை இருந்தா அதோட சட்டத்துல கை வைக்க விடுங்க, அதிர்வு வழியா தாளம் நல்லாவே போய்ச் சேரும். வீல்சேர்ல இருக்கற பிள்ளைக்குக் கால் பாடம் எல்லாத்தையும் தொடைக்கு மாத்திக்கலாம், வட்டத்துல அதோட இடம் இருக்கணும்.

சினிமா குத்துப் பாட்டு போடலாமான்னா, கடைசி அஞ்சு நிமிஷம் சந்தோஷத்துக்குப் போடுங்க, பாடத்துக்கு வேண்டாம். அதுல அடி அவ்வளவு பலமா முன்னாடியே விழுந்துடறதால பிள்ளை தானா தேட வேண்டியதே இருக்காது, தவிர அந்தப் பாட்டு பிள்ளைக்காக நிக்காது. பாட்டு தெரியலன்னா வீட்டுல இருக்கற ஆச்சி, அப்பத்தாகிட்ட கேளுங்க, நடவுப் பாட்டு, தெம்மாங்கு, ஏதாவது நாலு வரி வரும், போன்ல ரெக்கார்ட் பண்ணி வச்சுக்கிட்டு நீங்க கத்துக்கிட்டு நீங்க பாடுங்க.

ஆண்டு விழாவுல ஏத்தலாமான்னு ஸ்கூல்ல கண்டிப்பா கேப்பாங்க. மூணு நாலு மாசமாவது ஆகட்டும். ஏத்தும்போது ரெக்கார்டட் பாட்டைப் போட்டு பிள்ளைங்களை ஆடியன்ஸைப் பாத்து வரிசையா நிக்க வைக்க சொல்வாங்க, அதுக்கு மட்டும் ஒத்துக்காதீங்க. மேடைக்குக் கீழ தரையில வட்டமா விடச் சொல்லுங்க, பாட்டைப் பிள்ளைங்களே பாடட்டும், பாக்கறவங்க சுத்தி நிக்கட்டும், கடைசி ரெண்டு வரிக்கு அம்மாமார்களையும் உள்ள கூப்பிட்டுக்கோங்க.